முதலில் பாரிஷ், பிறகு பரம்பரை

கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டுக்குப் பிறந்தநாள் இரண்டு. கிளாஸ்கோ பதிவேட்டின் நகல் 1815 ஜனவரி 10 என்கிறது. அவரும் வீட்டாரும் கொண்டாடி வந்ததோ ஜனவரி 11. ஐந்து வயதில் பெற்றோருடன் கப்பலேறி, இன்றைய ஒன்டாரியோவின் கிங்ஸ்டனுக்கு வந்த சிறுவன் பின்னாளில் நாட்டை ஆண்டதால், அவருடைய வரலாற்றைத் தோண்டப் பலர் முன்வந்தார்கள். ஒரு நாள் வித்தியாசம்கூட அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை.

அதே காலத்தில் அதே கடலைக் கடந்த மற்ற மெக்டொனால்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளின் கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பெயர், தோராயமான வயது, ‘ஸ்காட்லாந்து’ என்ற ஒற்றைச் சொல். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எடின்பரோவின் ஏடுகளைத் திறந்தால், ஒரே பெயரில் டஜன் கணக்கில் ஆட்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அவர்களில் யார் நம் ஆள் என்று சொல்ல வழியிருக்காது.

காரணம் எளியது. 1855-க்கு முன் அந்த நாட்டில் பிறப்பும் திருமணமும் பாரிஷ்வாரியாகவே எழுதப்பட்டன. ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதிதான் பாரிஷ். நாடு முழுவதும் சுமார் 900 பாரிஷ்கள் இருந்தன. முன்னோர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை ஸ்காட்லாந்தில் தேடுவதைவிட, அவர் போய் இறங்கிய நாட்டில் தேடுவதுதான் பலன் தரும். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

இறங்கிய கரையில்

முதலில் பார்க்க வேண்டியது, குடியேறியவரின் இறப்புப் பதிவு. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா 1853-லும் நியூ சவுத் வேல்ஸ் 1856-லும் அரசுப் பதிவைத் தொடங்கின. இந்த இரண்டு இடங்களின் இறப்புச் சான்றுகளும் தாராளமானவை: இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை ஆண்டு, யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் விவரம் சொன்னவர் இறந்தவர் அல்லர்; மகனோ மருமகளோ அண்டைவீட்டுக்காரரோதான். பார்த்தறியாத தாத்தா பாட்டியின் பெயரை மருமகள் சொல்லியிருந்தால், அதை ஒரு துப்பாக மட்டும் குறித்துக்கொள்வது நல்லது.

நியூ சவுத் வேல்ஸுக்கு அரசு உதவியுடன் வந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. கப்பல் சேர்ந்ததும் அதிகாரிகள் எழுதிய குடியேறிகள் பட்டியல்களில் பலவற்றில் சொந்த ஊரும் பெற்றோரின் பெயரும் பதிவாகியிருக்கும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. குடியுரிமை ஆவணங்கள் 1906 செப்டம்பருக்கு முன் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறுபட்டன. பலவற்றில் பிறந்த நாட்டின் பெயருக்கு மேல் ஒன்றும் இராது. அதன் பிறகு ஒரே மாதிரிப் படிவம் வந்தது, பிறந்த ஊரும் அதில் இடம்பெற்றது. கனடாவின் 1901 கணக்கெடுப்பு பிறந்த தேதியையும் குடியேறிய ஆண்டையும் கேட்டது, ஊரைக் கேட்கவில்லை.

அரசு ஏடு கைவிட்ட இடத்தில் கல்லறைகள் உதவும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கல்லறைக் கல்லில் பிறந்த ஊரைச் செதுக்கி வைப்பதில் விருப்பம் உள்ளவர்கள். நோவா ஸ்கோஷியாவின் பழைய கல்லறைத் தோட்டங்களில் ‘இன்ன பாரிஷில் பிறந்தவர்’ என்ற வரியைக் கல்லில் காணலாம். உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் செய்தி, குடும்ப பைபிளின் முன்பக்கம், பிரஸ்பிட்டேரியன் சபையின் உறுப்பினர் ஏடு ஆகியவற்றையும் விடக்கூடாது.

கூடவே இன்னொன்று. முன்னோர் ஒருவரை மட்டும் தேடுவது போதாது. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, திருமணச் சாட்சி, பக்கத்து நிலத்துக்காரர் என எல்லோரையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார் தனித்தனியாகப் போனதைவிடக் கூட்டமாகப் போனதுதான் அதிகம். அடுத்த நிலத்துக்காரரின் கல்லறையில் இருக்கும் ஊர்ப்பெயரே நம் ஆளின் ஊராகவும் இருக்கலாம்.

கப்பல் பட்டியல் எவ்வளவு சொல்லும்

வம்சாவளி தேடுபவர் எல்லோரும் முதலில் ஓடுவது கப்பல் பட்டியலை நோக்கித்தான். பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

1773-இல் ‘ஹெக்டர்’ என்ற கப்பல் கிரீனாக்கிலும் லோக் புரூமிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவை அடைந்தது. கனடாவில் ஸ்காட்லாந்தார் குடியேறிய வரலாற்றில் அந்தக் கப்பலுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் புறப்படும்போது எழுதப்பட்ட பயணிகள் பட்டியல் இன்று இல்லை. இப்போது புழங்கும் பட்டியல் பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து தொகுத்தது. அதில் முன்னோரின் பெயர் இருந்தால் மகிழலாம்; இல்லையென்றால் அவர் அந்தக் கப்பலில் வரவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியலைக் கட்டாயமாக ஒப்படைக்கும் முறை 1820-இல் தொடங்கியது. அந்தக் காலப் பட்டியல்களில் பெயர், வயது, தொழில், நாடு ஆகியவை இருக்கும், ஊர் இராது. கியூபெக் துறைமுகப் பட்டியல்கள் 1865 முதல் கிடைக்கின்றன. பிரிட்டனிலிருந்து வெளியேறியவர்களின் பட்டியல்கள் லண்டனை அடுத்த கியூ ஆவணகத்தில் 1890 முதல் 1960 வரை உள்ளன.

விதிவிலக்குகள் இரண்டு. 1773 முதல் 1775 வரை மக்கள் வெளியேறும் வேகத்தைக் கண்டு கவலைப்பட்ட பிரிட்டிஷ் அரசு, புறப்படுபவர்களின் விவரத்தைச் சுங்க அதிகாரிகளிடம் எழுதி வாங்கியது. அந்த ஏட்டின் ஸ்காட்லாந்துப் பகுதியில் ‘ஏன் போகிறார்’ என்ற காரணமும் பதிவாகியிருக்கிறது. குத்தகை ஏறியதும் வேலையின்மையும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. மற்றொன்று, 1852 முதல் 1857 வரை ஏறத்தாழ 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய மேட்டுநில, தீவுக் குடியேற்றச் சங்கத்தின் ஏடு. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்த ஸ்கை முதலிய தீவுகளின் குடும்பங்கள் கப்பல்வாரியாக, வயதும் வசித்த இடமுமாக அதில் இருக்கின்றன. இந்தச் சங்கத்தை முன்னின்று நடத்திய சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர்.

பட்டியல் கிடைத்தாலும் முழுக் குடும்பமும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இயற்கையியலாளர் ஜான் மியூர் 1838-இல் டன்பாரில் பிறந்தார். 1849 பிப்ரவரியில் தந்தை டேனியல், ஜானையும் சாராவையும் டேவிட்டையும் மட்டும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா புறப்பட்டார். விஸ்கான்சினில் நிலம் பிடித்து வீடு கட்டிய பின்னரே தாய் ஆனும் மற்றப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கப்பலின் பட்டியலை மட்டும் பார்ப்பவர், டேனியல் மனைவியை இழந்தவர் என்றே நினைத்துவிடக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் பட்டியல் வாய் திறக்கிறது. 1907 முதல் அமெரிக்காவுக்குள் நுழைந்தவர்களிடம், பிறந்த ஊரோடு, சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டன. லூயிஸ் தீவின் டாங் கிராமத்தில் பிறந்து, 1930 மே மாதம் ‘டிரான்சில்வேனியா’ கப்பலில் நியூயார்க் வந்து இறங்கிய மேரி ஆன் மெக்லியட், டொனால்ட் டிரம்பின் தாய். அவர் காலத்தில் வந்தவர்களுக்கு ஊரைத் தேடும் சிக்கல் அநேகமாக இல்லை.

1855 என்ற கோடு

ஊர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ஸ்காட்லாந்து. அங்கே 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது. இந்தப் பதிவுகளையும் இதற்கு முந்தைய தேவாலய ஏடுகளையும் ‘ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரசு இணையதளத்தில் காணலாம். கணக்குத் தொடங்கிப் பெயர்களைத் தேடலாம். ஏட்டின் படத்தைத் திறக்கத்தான் பெரும்பாலும் கட்டணம். அந்தரங்கம் கருதி, பிறப்புப் பதிவின் படங்கள் 100 ஆண்டுக்கும், திருமணம் 75 ஆண்டுக்கும், இறப்பு 50 ஆண்டுக்கும் இணையத்தில் திறக்கப்படுவதில்லை.

முதல் ஆண்டான 1855 ஒரு புதையல். பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணந்த தேதியும் இடமும், முன்னர்ப் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுவரை கேட்டார்கள். இறப்புப் பதிவில் இறந்தவரின் பிள்ளைகள் அனைவரின் பெயரும் வந்தது. பதிவாளர்களால் இந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. 1856-லேயே கேள்விகளைக் குறைத்துவிட்டார்கள். பெற்றோரின் திருமணத் தேதி 1861-இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பி வந்தது. 1856 முதல் 1860 வரையிலான இறப்புப் பதிவில் கணவன் அல்லது மனைவியின் பெயர் இராது.

‘எங்கள் ஆள் 1832-லேயே போய்விட்டாரே, 1855 எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் கூடப்பிறந்தவர்கள் கைகொடுக்கிறார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட தங்கை 1870-இல் இறந்திருந்தால், அவருடைய இறப்புப் பதிவில் தந்தையின் பெயர், தொழில், தாயின் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் நான்கும் இருக்கும். அவை கடல் கடந்த அண்ணனின் பெற்றோர் விவரங்களும்தான். இங்கிலாந்தின் அக்கால இறப்புச் சான்றுகளில் இந்த வசதி கிடையாது.

கணக்கெடுப்பு ஏடுகள்

வீட்டுவாரியாகப் பெயர்களோடு கிடைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841-இல் தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒன்றாக 1921 வரை பார்வைக்கு உள்ளது. 1841-ஐ மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் ஏட்டில் 35 ஆகிவிடுவார். வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்பதும் அதில் இல்லை. பிறந்த இடத்துக்கு, அதே மாவட்டமா இல்லையா என்பதற்கு மேல் விடை கிடைக்காது. 1851 முதல் உறவும் பிறந்த பாரிஷும் வந்துவிடுகின்றன. கேலிக் மொழி பேசுபவரா என்ற கேள்வி 1881-இல் சேர்ந்தது.

ஒரு குடும்பம் 1841-இல் இருந்து 1851-இல் மறைந்தால், அவர்கள் புறப்பட்ட காலத்தைப் பத்தாண்டுக்குள் அடக்கிவிடலாம். ஆண்ட்ரூ கார்னகியை எடுத்துக்கொள்ளலாம். தந்தை வில்லியம், டன்ஃபர்ம்லினில் கைத்தறி நெசவாளர். ஆண்ட்ரூ 1835-இல் பிறந்தார், தம்பி தாமஸ் 1843-இல். நீராவித்தறி வந்து கைத்தறிப் பிழைப்பு நொடிந்ததும், 1848-இல் கிளாஸ்கோவிலிருந்து ‘விஸ்கேசட்’ கப்பலில் குடும்பம் கிளம்பிவிட்டது. அவருடைய வரலாறு தெரியாத ஒருவர்கூட, கடைசிப் பிள்ளை பிறந்த ஆண்டுக்கும் அடுத்த கணக்கெடுப்புக்கும் இடையில் அந்தப் பயணத்தைப் பொருத்திவிட முடியும்.

தேவாலய ஏடுகளும் அவற்றின் ஓட்டைகளும்

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் ஏடுகளில் மூத்தது பெர்த்ஷயரின் எரல் என்ற ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது. ஆனால் மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் பல பாரிஷ்களில் ஏடே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்கும் பின்னரோதான் ஆரம்பிக்கிறது. ஞானஸ்நானமும், மணத்துக்கு முன் தேவாலயத்தில் அறிவிக்கும் திருமண ஓலை வாசிப்பும் ஓரளவு கிடைக்கும். அடக்கப் பதிவு பல இடங்களில் இல்லவே இல்லை.

ஓலை வாசித்த பதிவு திருமணம் நடந்ததற்குச் சான்றாகாது. மணமகனும் மணமகளும் வேறு வேறு பாரிஷ் என்றால் இரண்டு இடத்திலும் எழுதியிருப்பார்கள், தேதி மாறியிருக்கலாம். தேவாலயத்துக்கே போகாமல், சாட்சிகள் முன்னிலையில் கணவன் மனைவி என்று அறிவித்துக்கொள்ளும் திருமணமும் அங்கே சட்டப்படி செல்லுபடியானது. 1940 வரை இந்த வழி திறந்திருந்தது. எல்லையோரக் கிராமமான கிரெட்னா கிரீனுக்கு இங்கிலாந்துக் காதலர்கள் ஓடிவந்தது அதை நம்பித்தான்.

ஏட்டில் பெயர் இல்லாததற்கு வேறு காரணங்களும் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தார்கள். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் பதியாமலே விட்டார்கள். 1843-இல் திருச்சபை பிளந்தது. போதகர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். அவர்களின் பின்னால் போன குடும்பங்களின் குழந்தைகள் பழைய ஏட்டில் இருக்க வாய்ப்பு குறைவு. கத்தோலிக்கர்களுக்கும் எபிஸ்கோப்பல் சபையாருக்கும் தனி ஏடுகள்.

பாரிஷ் ஏடு மௌனமாக இருந்தால் சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாம். கிர்க் செஷன் எனப்படும் அந்தக் குழு ஊரின் ஒழுக்கத்தைக் காவல் காத்தது. திருமணத்துக்கு முன் கருவுற்ற பெண்ணை அழைத்துத் தந்தை யாரென்று விசாரித்தது. ஓய்வுநாளில் குடித்தவனைக் கண்டித்தது. ஏழைக்குப் பிச்சைக்காசு கொடுத்தது. ஊர் மாறிப் போகிறவருக்கு நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்ததும் அதுவே. 2021 முதல் இந்தக் குறிப்புகளின் படங்கள் இணையத்தில் உள்ளன. பெயர்ப்பட்டியல் கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

உயில்களின் பட்டியல் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து 1925 வரை இலவசமாகத் தேடக்கூடியது. 1868 வரை நிலத்தை உயிலில் எழுதிவைக்க முடியாது என்பதால், நிலம் கைமாறியதை அறிய வாரிசு நிரூபண ஏடுகளையும், 1617-இல் தொடங்கிய சசீன் எனும் பத்திரப் பதிவேட்டையும் நாட வேண்டும். அமெரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ தந்தையின் நிலத்துக்கு உரிமை கோரியவர்கள் வாரிசு ஏடுகளில் தென்படுவார்கள். கடல் கடந்தவரின் இரண்டு முகவரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் அரிய ஆவணம் அது.

பெயர்கள் செய்யும் மாயம்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஸ்காட்லாந்திலும் வழக்கம். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா, இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா, மூன்றாமவனுக்குத் தந்தை. மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி, மூன்றாமவளுக்குத் தாய். குடியேறிய குடும்பத்தின் பிள்ளைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் தாத்தா பாட்டிகளின் பெயர்களை ஊகிக்கலாம். ஊகம் மட்டும்தான், எல்லோரும் இந்த வரிசையைக் கடைப்பிடிக்கவில்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கே வைப்பதும் உண்டு என்பதால், ஒரே பெற்றோருக்கு இரண்டு அலெக்சாண்டர்கள் கிடைத்தால் திகைக்க வேண்டியதில்லை.

ஒருவரே பல பெயரில் வருவார். டொனால்ட் டேனியலாவார், பேட்ரிக் பீட்டராவார், ஜேனட், ஜெசி ஆவார். கேலிக் பேசிய எழுத்தறிவில்லாத பெண்ணின் பெயரை ஆங்கிலம் மட்டும் அறிந்த எழுத்தர் தனக்குத் தெரிந்தபடி எழுதியிருப்பார். ‘மாக்’, ‘மக்’ என்ற முன்னொட்டு ஒரு ஏட்டில் இருக்கும், அடுத்ததில் காணாமல் போகும். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரைச் சட்டப்படி இழப்பதில்லை. கல்லறையிலும் அந்தப் பெயரே இருக்கலாம். இரண்டு பெயரிலும் தேடவேண்டும்.

குடும்பப்பெயரை வைத்துக் குலத்தை முடிவுசெய்வது எளிதில் சறுக்கும் இடம். 1603-இல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் மெக்ரிகர் என்ற பெயரையே தடைசெய்தார். இடையில் சில காலம் நீங்கிய தடை 1693-இல் மீண்டும் வந்து 1774-இல்தான் ஒழிந்தது. பெயரை இழந்தவர்கள் மர்ரி, டிரம்மண்ட், கிரான்ட் என்று மாறிக்கொண்டார்கள். ராப் ராய் மெக்ரிகரே தாயின் குடும்பப்பெயரான கேம்பெல்லைப் பயன்படுத்தினார். எனவே 1720-இல் கேம்பெல் என்று எழுதப்பட்டவர் கேம்பெல்லாகவே பிறந்திருக்க வேண்டியதில்லை. குலத்தலைவரின் நிலத்தில் உழுத குடியானவர்கள் அவருடைய பெயரை ஏற்றுக்கொண்டதும் பரவலாக நடந்ததுதான்.

கிழக்கே போனவர்கள்

எல்லோரும் மேற்கே போகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தவர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் மாகாணவாரியாக உள்ளன. சென்னை மாகாணத்துக்குத் தனி வரிசை. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித ஆந்திரேயா தேவாலயம் ஸ்காட்லாந்துத் திருச்சபையாருக்காகக் கட்டப்பட்டதே. இலங்கையின் தோட்டங்களில் முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் அபர்டீன், கின்கார்டின் பகுதிக்காரர்கள் நிறைய இருந்தார்கள். 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

கிடைத்தவர் நம்மவர்தானா

பொருந்தும் ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்ததும் மரத்தில் கிளை போட்டுவிடக் கூடாது. முதலில், அதே பாரிஷிலும் சுற்றியுள்ள பாரிஷ்களிலும் அதே பெயரில், ஐந்தாண்டு முன்பின்னாகப் பிறந்த அனைவரையும் பட்டியலிட வேண்டும். அடுத்து, தந்தையின் தொழில், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், கூடப்பிறந்தவர்கள் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு, குடியேறிய நாட்டு ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். டி.என்.ஏ. சோதனையில் அந்த ஊர் வழிவந்த வேறொரு குடும்பத்தோடு தொடர்பு தெரிந்தால் அது கூடுதல் பலம். அது மட்டும் போதாது.

கடைசியாக, நாம் தேடுவது 1832-இல் நோவா ஸ்கோஷியா போன ஒரு ஜானை என்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஜானும் பிறகு என்ன ஆனார் என்று பார்க்க வேண்டும். ஒருவர் மூன்று வயதிலேயே இறந்திருக்கலாம். இன்னொருவர் 1851 கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு பெர்த்ஷயரிலேயே செருப்புத் தைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அவர் நாம் தேடும் ஜான் அல்லர். அவர் பெயரை அடித்துவிட்டு, பட்டியலில் அடுத்த ஜானின் ஏட்டைத் திறக்கலாம்.